மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை மாதம் பிறந்ததும் தமிழகத்திலும் கேரளத்திலும் எண்ணற்ற இல்லங்களின் நடைமுறை ஒரே நாளில் மாறிவிடுகிறது. நேற்றுவரை சூரியன் உதித்த பின் எழுந்தவர் விடியலுக்கு முன்பே நீராடுகிறார். நேற்றுவரை கடுஞ்சொல் பேசியவர் எதிரில் வருவோர் அனைவரையும் ‘சாமி’ என்று அழைக்கிறார். புலாலும் மதுவும் புகையும் அவரை விட்டு விலகுகின்றன. துளசிமணி மாலை ஒன்று கழுத்தில் ஏறிய அந்த நாழிகையிலிருந்து அவர் வேறொரு மனிதராக நடமாடுகிறார்.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கேரள எல்லையைத் தொடும் இடத்தில் கோபாலபுரம் இருக்கிறது. அதைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் பகுதி இது. ஒரு மண்டலம் என்றால் கேரள மரபில் 41 நாட்கள். தமிழ் மரபில் 48 நாட்கள் என்பர். எல்லையில் வாழ்வோருக்கு இந்த இரண்டு கணக்கும் தெரியும். தென்னந்தோப்புகள் நிறைந்த இந்தச் சித்தூர் வட்டத்திலிருந்துதான் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குக் கள் பெருமளவில் செல்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தோப்புகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு, வேலை முடிந்த மாலைப்பொழுதில் கால்கள் பழகிய வழியில் செல்லாமல் நாற்பத்தொரு நாட்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் ஒரு தொழிலாளியின் விரதம் எளிதான ஒன்றன்று.

அவர் மலைக்குச் சென்று, பதினெட்டுப் படி ஏறி, ஐயனைக் கண்ணாரக் கண்டு திரும்புகிறார். வீட்டில் விளக்கேற்றி, தாயின் கையால் மாலையைக் கழற்றுகிறார். அன்று மாலையே, அல்லது மறுநாள் மாலை, கால்கள் மீண்டும் பழைய வழியில் நடக்கின்றன. எல்லோரும் இப்படி என்பதில்லை. ஆனால் இப்படி நடக்கும் இல்லங்கள் பல உண்டு என்பதை ஊரார் அறிவர். அந்த இல்லத்தின் மனைவி எல்லோரிலும் நன்றாக அறிவாள். நாற்பத்தொரு நாட்கள் ‘சாமி, சாப்பிட வாங்க’ என்று அழைத்த சிறுவன், நாற்பத்திரண்டாம் நாள் இரவில் தந்தையின் காலடி ஓசை கேட்டு அடுக்களைக்குள் ஒதுங்குகிறான்.

இந்த இடத்தில் எழும் கேள்வி, குறிக்கோள் கொண்டு வாழ விரும்பும் ஒவ்வொருவருக்கும் உரியது. நாற்பத்தொரு நாட்கள் முடிந்த ஒன்று நாற்பத்திரண்டாம் நாள் ஏன் முடியாமற்போகிறது?

விரதம் தரும் துணைகள்

மண்டல விரதத்தை அமைத்த பெரியோர் மனித மனத்தை ஆழ்ந்து அறிந்தவர்கள். ‘நல்லவனாக இரு’ என்று பொதுவாகச் சொல்லி அவர்கள் நிறுத்திவிடவில்லை. தெளிவான குறிக்கோள் ஒன்றை முன்வைத்தார்கள்: இன்ன நாளில் இன்ன சன்னிதியில் நிற்க வேண்டும். அந்தக் குறிக்கோளுக்கு நாள்தோறும் செய்ய வேண்டிய சிறு செயல்களை வகுத்தார்கள்: இரு வேளை நீராடல், விளக்கு, சரணகோஷம், தரையில் உறக்கம், எளிய உணவு. எப்பொழுதும் நினைவூட்டும் அடையாளமாகக் கழுத்தில் மாலையும் உடலில் கறுப்பு அல்லது நீல ஆடையும் தந்தார்கள். வழிகாட்டக் குருசாமி ஒருவரையும், உடன் நடக்கக் கூட்டத்தையும் அளித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புதிய பெயரைச் சூட்டினார்கள். மாலை அணிந்தவர் இன்னாரின் மகனும் அல்லர், இன்ன வேலை செய்பவரும் அல்லர், அவர் சாமி.

குறிக்கோள், நாள்வழக்கம், அடையாளம், நற்சேர்க்கை, பெயர் ஆகிய ஐந்து துணைகளும் ஒருங்கே நிற்கும்போது பலவீனமான மனமும் நிமிர்ந்து நடக்கிறது. மாலை கழலும் நாளில் இந்த ஐந்தும் ஒரே நேரத்தில் விலகிவிடுகின்றன. குறிக்கோள் நிறைவேறிவிட்டது, இனி எதற்காக எழ வேண்டும்? கூட்டம் கலைந்துவிட்டது, யாருடன் சரணம் சொல்வது? ஆடை மாறிவிட்டது, யார் கேட்கப் போகிறார்கள்? ‘சாமி’ என்று அழைத்தவர்கள் பழைய பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். கொடிக்கு நட்ட கொழுகொம்புகளை எல்லாம் ஒரே நாளில் பிடுங்கிவிட்டு, கொடி சாய்ந்துவிட்டதே என்று வருந்துவதில் பொருளில்லை.

கழன்றது எது?

சபரிமலைச் சன்னிதியில் பொறிக்கப்பட்டிருக்கும் உபநிஷத மகாவாக்கியத்தைப் பக்தர்கள் அறிவார்கள். தேடி வந்தவனும் தேடப்பட்ட பொருளும் வேறல்ல என்பதே அதன் கருத்து. மலையேறி வருபவனையும் ஐயப்பன் என்றே அழைக்கும் வழக்கத்தின் அடியில் இருப்பது இந்த வேதாந்த உண்மைதான்.

அப்படியானால் விரத காலத்தில் அவரைச் சாமி என்று அழைத்தது உபசாரமா, உண்மையா? அது உபசாரம் என்றால் மாலையோடு அதுவும் கழன்றுவிட வேண்டியதுதான். அது உண்மை என்றால் மாலை கழன்ற பின்பும் அவர் சாமியே. ஒவ்வோர் உயிரிலும் தெய்விகம் உறைகிறது, அதை வெளிப்படுத்துவதே வாழ்வின் குறிக்கோள் என்பது சுவாமி விவேகானந்தர் உலகெங்கும் முழங்கிய செய்தி. விரதம் அவரைச் சாமி ஆக்கவில்லை; அவர் சாமி என்பதை நாற்பத்தொரு நாட்கள் அவருக்கே காட்டித் தந்தது. அன்றாடம் ஒலித்த அந்த அழைப்பு, பொய்யான பெருமையை ஊட்டுவதற்காக ஒலித்ததன்று. மறந்துபோன உரிமையை நினைவூட்டுவதற்காக ஒலித்தது.

எனவே நாற்பத்திரண்டாம் நாள் தவறியவர், ‘என்னால் முடியாது’ என்ற முடிவுக்கு வர உரிமையற்றவர். முடியும் என்பதற்கு அவரே நாற்பத்தொரு நாட்கள் சாட்சியாக இருந்திருக்கிறார். குறையாக இருந்தது வலிமையன்று. அந்த வலிமை தொடர்ந்து ஓடுவதற்கு ஒரு வாய்க்கால்.

வாய்க்காலும் எலிவளையும்

மனத்தில் படிந்த பதிவுகளைச் சம்ஸ்காரங்கள் என்று சாஸ்திரம் கூறும். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது மனத்தில் ஒரு தடத்தை உண்டாக்குகிறது. அடுத்த முறை மனம் அந்தத் தடத்தில் எளிதாக ஓடுகிறது. நல்லதோ தீயதோ, பழக்கம் எனப்படுவது இந்தத் தடமே. இத்தகைய தடங்களின் மொத்தத் தொகையே குணம் என்று சுவாமி விவேகானந்தர் விளக்கினார். தீய பழக்கத்துக்கு மாற்று, அதற்கு எதிரான நல்ல பழக்கமே என்பதும் அவர் வலியுறுத்திய கருத்து.

பதஞ்சலி முனிவர் இதற்கு உழவனையே உவமையாகக் காட்டுகிறார். உழவன் நீரைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. வரப்பைத் திறந்துவிடுகிறான், நீர் தானே பாய்கிறது. ஸ்ரீராமகிருஷ்ணரும் வயலைக் கொண்டே இதன் மறுபக்கத்தை விளக்கினார். ஓர் உழவன் நாள் முழுதும் தன் கரும்பு வயலுக்கு நீர் இறைத்தான். மாலையில் போய்ப் பார்த்தால் வயலில் ஒரு துளி நீரில்லை. எலிவளைகளின் வழியே அத்தனையும் வடிந்துவிட்டிருந்தது. உலகியல் ஆசைகள் என்னும் வளைகள் இருக்கும்வரை சாதனையின் பயன் நிற்பதில்லை என்பதே அவர் இதன் வாயிலாக உணர்த்தியது.

நாற்பத்தொரு நாட்கள் நீர் இறைத்தவர் எலிவளை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான் இருக்கும். கூலி கையில் விழும் சனிக்கிழமை மாலை, நண்பர்கள் கூடும் சாலை முனை, வீட்டுக்குள் நுழைந்ததும் எழும் சச்சரவு, இரவில் தனிமை. விரத காலத்தில் அந்த மாலைப்பொழுது வெறுமையாக இருக்கவில்லை. நீராடலும் விளக்கும் சரணமும் அதை நிரப்பியிருந்தன. மாலை கழன்றதும் அந்த ஒரு மணி நேரம் மீண்டும் வெறுமையாயிற்று. வெறுமையான இடத்தில் பழைய நீர் பழைய தடத்தில் பாய்ந்தது. விரதத்தின் அங்கங்கள் அனைத்தையும் ஆண்டு முழுவதும் கடைப்பிடிப்பது இல்லறத்தாருக்கு இயலாது. சாஸ்திரமும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் நீர் வடியும் அந்த நேரத்துக்கு உரிய ஓர் அங்கத்தை மட்டும் நாற்பத்திரண்டாம் நாளுக்கு எடுத்துச் செல்லலாம். மாலையில் வேலை முடிந்து நேராக வீடு, நீராடல், விளக்கின் முன் பத்து நிமிடம். இந்த ஒன்று நிலைத்தால் மற்றவை அதைச் சார்ந்து நிலைக்கும்.

அளவுள்ள வாக்கு

கோபாலபுரத்துக்கு அருகில் ஆழியாற்றின் குறுக்கே மணக்கடவு அணைக்கட்டு இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கீழ்த் தமிழகமும் கேரளமும் 1970-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கை, 1958-ஆம் ஆண்டு முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி சித்தூர்ப் பகுதியின் பாசனத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் வழங்கப்பட வேண்டும். அந்த நீர் அளந்து கணக்கிடப்படும் இடம் மணக்கடவு. ‘இயன்றபோது கொஞ்சம் நீர் தருவோம்’ என்று எழுதியிருந்தால் அதை நம்பி எந்த உழவரும் நாற்று விட்டிருக்க முடியாது. கருத்து வேறுபாடுகள் எழுந்தாலும் பேசித் தீர்ப்பதற்கு அடிப்படையாக ஓர் எண் இருக்கிறது. அளக்க ஓர் இடம் இருக்கிறது.

மனிதன் தனக்குத் தானே தரும் வாக்கும் இப்படி இருக்க வேண்டும். ‘இனி நன்றாக வாழ்வேன்’, ‘நிறைய ஜபம் செய்வேன்’, ‘குடியைக் குறைத்துக்கொள்வேன்’ என்பவை விருப்பங்கள்; அவை சங்கல்பங்கள் ஆவதில்லை. எத்தனை, எப்பொழுது, எந்த இடத்தில் என்பவை தெளிவானால்தான் விருப்பம் சங்கல்பம் ஆகிறது. வைதிகச் சடங்குகளின் தொடக்கத்தில் சங்கல்பம் செய்பவர் ஆண்டு, அயனம், மாதம், பட்சம், திதி, தாம் அமர்ந்திருக்கும் நாடு, ஆற்றங்கரை வரை எடுத்துச் சொல்வது வெறும் சடங்கன்று. காலமும் இடமும் குறிக்கப்படாத தீர்மானம் காற்றில் கரைந்துவிடும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தார்கள்.

அந்த அளவு சிறியதாக இருக்கட்டும். 108 முறை நாமம் சொல்லத் தொடங்கி நாள்தோறும் அதை நிறைவேற்றுபவர், பத்தாயிரம் என்று தொடங்கி நான்காம் நாள் நிறுத்தியவரைவிட வெகுதூரம் சென்றுவிடுகிறார்.

நாளொன்றுக்கு ஒரு தசகம்

மணக்கடவில் அளக்கப்பட்ட நீர் சித்தூர்ப்புழையாகப் பாய்ந்து, துயர் துடைப்பவள் என்னும் பொருளில் சோகநாசினி என்ற பெயரும் பெற்று, பின்னர் பாரதப்புழையில் கலக்கிறது. சித்தூரில் இந்த ஆற்றின் கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் உள்ளது. மலையாள மொழியின் தந்தையென்று போற்றப்படும் அவர் இறுதிக் காலத்தை இங்கே கழித்ததாக மரபு கூறுகிறது. அதே பாரதப்புழையின் கீழ்ப்பகுதியில், திருநாவாய்க்கு அருகில் பிறந்தவர் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி.

பட்டத்திரியை வாதநோய் வருத்தியது. எழுத்தச்சனிடம் அவர் வழி கேட்டபோது, ‘மீனிலிருந்து தொடங்கு’ என்ற பொருளில் மறுமொழி வந்ததாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். பட்டத்திரியோ மச்சம் முதலிய அவதாரங்களைப் பாட வேண்டும் என்பதே அதன் குறிப்பு என்று உணர்ந்தாராம். குருவாயூர் சென்ற அவர் முன்னிருந்த பணி மலைபோன்றது: பதினெண்ணாயிரம் சுலோகங்கள் கொண்டதாகக் கூறப்படும் பாகவதத்தின் சாரத்தைப் பாட வேண்டும். நோயுற்ற உடல், எழுந்து நடக்கவும் இயலாத நிலை. அவர் அதை நூறு பங்குகளாக்கிக்கொண்டார். நாளொன்றுக்கு ஒரு தசகம், ஏறத்தாழ பத்துச் சுலோகங்கள். நூறு நாட்களில் நூறு தசகங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் கொண்ட நாராயணீயம் இவ்வாறு உருவாயிற்று என்பது மரபு.

இந்த நூலில் சாதகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு தசகத்தின் முடிவிலும் நோய் தீர்க்க வேண்டும், காத்தருள வேண்டும் என்ற வேண்டுதல் இடம்பெறுகிறது. நோய் தீர்ந்த பிறகு பாடுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. வலியோடு அன்றைய பங்கை முடித்தார், வலியையும் அன்றைய பங்கோடு சேர்த்து இறைவனிடம் ஒப்படைத்தார். நாளைய தசகத்தைப் பற்றிய கவலை இன்றைய தசகத்தில் இல்லை. உடலும் சூழ்நிலையும் சீரான பின்பே நல்வழக்கங்களைத் தொடங்கலாம் என்று தள்ளிப்போடுவோருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

பழைய வழக்கத்தின் மீது புதியது

‘நேரமில்லை’ என்பது அடுத்த தடை. வயல்வேலைக்குச் சென்று திரும்பி, சமைத்து, பிள்ளைகளைக் கவனிக்கும் ஒரு பெண் இதைச் சொன்னால் அது சாக்கு அன்று, உண்மை. அவளுக்கும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஓய்வின்றி உழைத்த நாட்களில் காந்தியடிகள் கீதையை மனப்பாடம் செய்ய விரும்பினார். தனியே நேரம் ஒதுக்க இயலவில்லை. காலையில் பல் துலக்கப் பதினைந்து நிமிடமும் நீராட இருபது நிமிடமும் செலவாவதைக் கண்டார். சுலோகங்களைத் துண்டுத்தாளில் எழுதி எதிர்ச்சுவரில் ஒட்டிவைத்து, பல் துலக்கும் நேரத்தில் அவற்றைப் பயின்றார். இப்படியே பதின்மூன்று அத்தியாயங்கள் அவருக்கு மனப்பாடமாயின. புதிய நேரத்தை அவர் தேடவில்லை; தவறாமல் நடக்கும் ஒரு செயலின் முதுகில் புதிய செயலை ஏற்றிவைத்தார்.

அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தட்சிணேசுவரத்தில் நகபத் என்னும் மிகச் சிறிய அறையில் வாழ்ந்த காலத்தில், விடியற்காலை மூன்று மணியளவிலேயே எழுந்து கங்கையில் நீராடி, ஜபதியானத்தை முடித்து, பிறகு நாள் முழுதும் குருதேவருக்கும் பக்தர்களுக்கும் சமைப்பதிலும் பணி செய்வதிலும் கழித்தார். காய் நறுக்குவதும் அடுப்பெரிப்பதும் அன்னைக்குத் தடையாகவில்லை. அவையே வழிபாட்டின் தொடர்ச்சியாயின. அடுப்பு மூட்டும்போது ஒரு நாமம், தண்ணீர்க் குடம் தூக்கும்போது ஒரு நாமம் என்று தொடங்குகிற பெண்ணும் அன்னையின் வழியிலேயே நடக்கிறாள்.

ஒருவரும் வராத மாலை

வழக்கம் நிலைப்பதற்கு மற்றொரு சோதனை உண்டு. பார்ப்பதற்கு ஆள் இல்லாதபோதும் அது நடக்கிறதா?

1897-ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தரின் விருப்பப்படி சென்னைக்கு வந்தவர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர். 1911-ஆம் ஆண்டு மகாசமாதி அடையும் வரை தென்னாட்டுக்காக அவர் தம்மை உருக்கிக்கொண்டார். குருதேவரின் பூஜையில் ஒரு நாளும் நேரம் தவறாதவர் அவர். நகரின் பல பகுதிகளுக்கும் சென்று வகுப்புகள் நடத்தினார். ஒரு நாள் பெரும் மழை. வகுப்பு நடக்கும் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. சுவாமிகளோ வழக்கம்போல் சென்று, வெற்றிடத்தின் முன் அன்றைய பாடத்தை நடத்தி முடித்தார். வியந்து கேட்டவருக்கு, பிறருக்குக் கற்பிக்கத் தாம் வரவில்லை, இது தமக்கு ஒரு விரதம், அதையே நிறைவேற்றுவதாக விடையளித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு தெரிவிக்கிறது.

மாலை கழற்றியவரின் நிலையும் அந்த வெற்றிடம் போன்றதுதான். குருசாமி பார்க்கவில்லை; கூட்டம் இல்லை; சரணத்துக்கு மறுசரணம் சொல்ல ஆளில்லை. அந்த மாலையில் தனியே ஏற்றும் விளக்குக்கு உள்ள மதிப்பு, நூறு பேர் கூடி ஏற்றிய விளக்குக்கும் இல்லை. கூட்டம் தந்த துணை அதுவரை ஊன்றுகோலாக இருந்தது. இனி கால்கள் தம் வலிமையை அறியும் காலம்.

தவறிய பின்

இவ்வளவு செய்தும் ஒரு நாள் தவறிவிடலாம். பெரும்பாலான சங்கல்பங்கள் முறிவது தவறிய அந்த நாளில் அன்று, அதற்கு மறுநாளில்தான். ‘எல்லாம் போயிற்று, இனி என்ன’ என்ற எண்ணம் ஒரு நாள் தவற்றை ஓராண்டுத் தவறாக்கிவிடுகிறது. அந்த எண்ணம் பார்வைக்குத் தன்னடக்கம்போல் தோன்றும். உண்மையில் அது பழைய தடத்துக்குத் திரும்புவதற்கு மனம் தேடும் அனுமதி.

அர்ஜுனனும் இதையே கேட்டான். சிரத்தை இருந்தும் மன உறுதி தளர்ந்து யோகத்திலிருந்து நழுவியவன், சிதறிய மேகம்போல் அழிந்துவிடுகிறானா என்பது அவனுடைய அச்சம். பகவான் அவனைத் தேற்றினார். நன்மை செய்தவன் எவனும் கெடுவதில்லை. நழுவியவன் மறுபிறவியில் தகுந்த குடியில் பிறந்து, முன்பு விட்ட இடத்திலிருந்து மீண்டும் முயல்கிறான் என்பது அவர் அளித்த உறுதி. ஒரு பிறவியின் முயற்சி மரணத்தைக் கடந்தும் காக்கப்படுகிறது என்றால், ஒரு மாதத்தின் முயற்சி ஒரு இரவைக் கடக்க மாட்டாதா?

அறிவியலும் இதற்கு மாறாகப் பேசவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியோரும் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 96 தன்னார்வலர்கள் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் ஒரு சிறு நற்செயலைத் தேர்ந்து, காலை உணவுக்குப் பின் என்பதுபோல் குறித்த வேளையில் பன்னிரண்டு வாரங்கள் நாள்தோறும் செய்துவந்தனர். அச்செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. விரைவாகப் பழகியவருக்கு 18 நாட்கள். மெதுவானவருக்கு 254 நாட்கள் ஆகும் என்பது கணிப்பு. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. இந்தக் கணக்கின்படி நாற்பத்தொரு நாட்கள் முடியும்போது பலருக்கு நற்பழக்கம் பாதி வழியில்தான் நின்றுகொண்டிருக்கிறது. மாலை கழற்றும் நாள் பயணத்தின் முடிவன்று. நடுவில் உள்ள ஒரு சத்திரம்.

நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையுடன் பயின்றால்தான் பயிற்சி உறுதிப்படும் என்று பதஞ்சலி வகுத்த மூன்று நிபந்தனைகளுக்கும் இது முரணானதன்று. இடைவிடாமை என்பது ஒருபோதும் இடறாமை என்று பொருள்படாது. இடறிய இடத்திலேயே அமர்ந்துவிடாமை என்று பொருள்படும். காந்தியடிகள் 1912-இல் பாலை விட்டார். 1918–19-இல் உயிருக்கு ஆபத்தான நோய் வந்தபோது ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். விரதத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டேனே என்ற வேதனை அவரை நெடுநாள் வாட்டியது. அதை உலகறிய எழுதியும் வைத்தார். ஆனால் அந்த ஒரு குறைக்காக மற்ற விரதங்களை அவர் கைவிடவில்லை. குறையைக் குறை என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் காலையில் வழக்கமான நேரத்தில் பிரார்த்தனைக்கு அமர்ந்தவர் அவர்.

நோய்க்கு மருந்தும் வேண்டும்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவருக்குக் குடி ஒரு பழக்கம் மட்டுமன்று; உடலையும் மூளையையும் பற்றிய நோய். அத்தகையவர் திடீரென நிறுத்தும்போது நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் போன்றவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மாலை அணியுமுன் மருத்துவரை அணுகுவது விரதத்துக்கு இழுக்கன்று. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், கேரளக் கலால் துறையின் விமுக்தி இயக்கம் நடத்தும் மையங்களிலும் உதவி கிடைக்கிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரு குடிநோயாளிகளின் சந்திப்பில் பிறந்து, இன்று உலகெங்கும் பரவியுள்ள ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் தோழமையில் சேர்ந்தவர்கள், வாழ்நாள் முழுதும் குடிக்க மாட்டேன் என்று மலைத்து நிற்பதில்லை. இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்ற சங்கல்பத்தை நாள்தோறும் புதுப்பிக்கிறார்கள். தம்மைவிட மேலான ஒரு சக்தியிடம் தம்மை ஒப்படைக்கிறார்கள். நாளுக்கு ஒரு தசகம் என்ற பட்டத்திரியின் வழியும் இதுவேயன்றோ!

வீட்டாரின் சரணம்

இறுதியாக, இல்லத்தாருக்கும் ஒரு பங்கு உண்டு. விரத காலத்தில் குடும்பமே விரதம் இருந்தது. மனைவி அதிகாலையில் எழுந்து வெந்நீர் வைத்தாள். தாய் தனிப் பாத்திரத்தில் சமைத்தாள். பிள்ளைகள் குரலை உயர்த்தாமல் பேசினார்கள். மாலை கழன்றதும் அந்த மரியாதையும் அகன்றுவிட வேண்டுமா? பழைய தவறுகளை எடுத்துச் சொல்லிக் குத்துவதற்கு நாற்பத்திரண்டாம் நாள் உகந்த நாளன்று. இதற்காக வன்முறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. குடித்துவிட்டு அடிப்பவரிடமிருந்து தன்னையும் குழந்தைகளையும் காத்துக்கொள்வது அந்தப் பெண்ணின் உரிமையும் கடமையும் ஆகும். ஆனால் திருந்த முயல்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால், மாலை வேளையில் விளக்கை ஏற்றிவைத்து, ‘வாங்க சாமி’ என்று அழைக்கும் ஒரு குழந்தையின் குரல் அவருக்குப் பதினெட்டாம் படியாக அமையும். அவர் யார் என்பதை அவர் மறந்திருக்கும் நேரத்தில் பிறர் நினைவில் வைத்திருப்பதும் வழிபாடே.

குறிக்கோள்களைப் பெரிதாகக் கொள்ளட்டும், அது நல்லது. பெரிய குறிக்கோளை நாளுக்கு ஒரு பங்காக்கி, அந்தப் பங்குக்கு நேரமும் இடமும் அளவும் குறித்து, பழைய பழக்கம் நுழையும் வேளையில் புதிய வழக்கத்தைக் காவல் வைத்து, அன்றன்று செய்ததை அன்றன்றே இறைவனுக்கு அர்ப்பணித்துவிட்டு உறங்கட்டும். தவறினால், தவறியதையும் அவன் திருவடியில் வைக்கட்டும். விடிந்ததும் மணி அடிக்கும், நீர் காத்திருக்கும், விளக்கில் எண்ணெய் இருக்கும். கழுத்தில் மாலை இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் சாமி எங்கும் சென்றுவிடவில்லை. அவனை முன்னிட்டு அன்றைய பங்கைத் தொடங்கும் அனைவருக்கும் அவன் அருள் துணைநிற்பதாக!